பழைய உறவின் நிழல்

ஆலோசனை நாடி வருபவர் சிலவேளை காரணமின்றி நம்மீதே சினங்கொள்கின்றனர். அச்சினம் உண்மையில் யாருக்குரியது? இதற்கு உளப்பகுப்பாய்வு தரும் விடையை ஈண்டு நோக்குவோம்.

1900-ஆம் ஆண்டின் இறுதியில், வியன்னா நகரில், 18 வயதுப் பெண்ணொருத்தி சிக்மண்ட் ஃபிராய்டிடம் சிகிச்சை பெற்றாள். குடும்ப நண்பர் ஒருவர் தன்னிடம் தகாதவாறு நடந்ததாக அவள் முறையிட்டும் தந்தை நம்பவில்லை. மூன்று மாதங்கள் நிறைவுறுமுன் அவள் சிகிச்சையை முறித்துக்கொண்டாள். 1905-இல் 'டோரா' என்னும் புனைபெயரில் அவள் வரலாற்றை வெளியிட்ட ஃபிராய்டு, அந்நண்பர்மீது அவளுக்கிருந்த கசப்பு தம்மீது திரும்பியதை உரிய வேளையில் தாம் உணரவில்லை என ஒப்புக்கொண்டார்.

இவ்வாறு பழைய உறவின் உணர்ச்சி புதியவர்மேல் படிவதை 'உணர்வு இடமாற்றம்' என்பர். முதலில் இடையூறாகத் தோன்றிய இதுவே பின்னர் சிகிச்சையின் முதன்மைக் கருவியாயிற்று.

கணவன் மனைவியரிடையிலும் இத்தகைய நிழல் உண்டு. லண்டன் டாவிஸ்டாக் மருத்துவமனையைச் சார்ந்த ஹென்றி டிக்ஸ், 1967-இல் வெளியிட்ட நூலில், தம்மிடமுள்ளதாக ஏற்க மறுக்கும் இயல்பை ஒருவர் தம் துணைவரிடம் கண்டு கடிந்துகொள்வதை விளக்கினார். தன் அச்சத்தை அறியாத கணவன் மனைவியைக் கோழையென இகழ்வான். அவளோ இருவர் அச்சத்தையும் சுமப்பாள். எனவே சிகிச்சையாளர் தீர்ப்புக் கூறுவதில்லை. யாருடைய சுமையை யார் சுமக்கிறார் என இருவரும் காணத் துணைநிற்கிறார்.

எனினும் எல்லாச் சினமும் நிழலன்று. டோராவின் முறையீடு மெய்யானது. அடிபடும் மனைவியின் குமுறலைப் பழைய காயமெனத் தள்ளுதல் அவளை மீண்டும் அடிப்பதாகும். அவளுக்கு முதலில் வேண்டுவது பாதுகாப்பே; விளக்கமன்று. நிழலையும் நிசத்தையும் பிரித்தறியும்வரை நாம் பொறுமையுடன் செவிகொடுப்போமாக.