உங்களுக்குத் தெரியுமா? டிரம்ப் கார்டு போன திசை

மற்ற ஊர்களைப் போலவே, நெய்வேலி நகரியத்தின் வட்டங்களில் வளர்ந்த 1990களின் பிள்ளைகளுக்கும் கோடை விடுமுறை என்றால் டபிள்யூ.டபிள்யூ.எஃப். மல்யுத்த வீரர்களின் டிரம்ப் கார்டு. உயரம், எடை, மார்பளவு, மோதிய போட்டிகள், வென்றவை என்று ஏதாவது ஒன்றைக் கூப்பிட வேண்டும். நம் எண் பெரிதென்றால் எதிராளியின் கார்டு நமக்கு. மலைபோன்ற யோகோசுனாவைக் கையில் வைத்துக்கொண்டு எடையைக் கூப்பிடாதவன் அப்பாவி! பிக் ஃபன் பபிள்கம்மை அதிலிருந்த கிரிக்கெட் சீட்டுக்காகவே வாங்கியவர்களும் உண்டு.

உறையைப் பிரித்தால்தான் உள்ளிருப்பது தெரியும் என்ற சேகரிப்பு கார்டு ஆட்டத்தை உலகில் பரப்பியது, ரிச்சர்ட் கார்ஃபீல்ட் வடிவமைத்து 1993இல் வெளிவந்த 'மேஜிக்: த கேதரிங்'. 1996இல் ஜப்பானில் போக்கிமான் வந்தது. இவற்றைப் பார்த்துக் கிளம்பிய பல ஆட்டங்கள் சில ஆண்டுகளிலேயே காணாமல் போயின.

இன்று ஆட்டம் கைபேசிக்குப் போய்விட்டது. 2024 அக்டோபரில் வெளியான போக்கிமான் செயலியில் உறை பிரிப்பதும் திரையில்தான். காகித கார்டோ முதலீடாகிவிட்டது: 2021இல் ஒரே ஒரு பிக்காச்சு கார்டு 52.75 லட்சம் டாலர் மதிப்பில் கைமாறியது. அதை வைத்து யாரும் விளையாடப் போவதில்லை.

பரணில் பழைய கட்டு கிடக்கிறதா? பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். பிள்ளைகளோடு ஒரு ஆட்டம் போடுங்கள்.