ராஜா தலை போட்ட காசெல்லாம் வெள்ளியா?

விருத்தாசலம்னா இன்னைக்குப் பீங்கான்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனா மாற்றுப் பார்த்த கதை ஒன்றும் இந்த ஊருக்கு உண்டு. சுந்தரர் திருமுதுகுன்றத்தில் (ஊரின் பழைய பெயர்) 12,000 பொன் பெற்றார். கொஞ்சம் மச்சம் வெட்டி வைத்துக்கொண்டு, மிச்சத்தை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார். எடுத்ததை மச்சத்தோடு உரைத்துப் பார்த்தார்கள் என்பது பெரியபுராணக் கதை. சாமி கொடுத்த பொன்னுக்கே சோதனை என்றால், பாட்டி பெட்டியில் கிடக்கும் ரூபாய்க்கு வேண்டாமா?

இணையத்தில் தேடினால் முதலில் கிடைப்பது அமெரிக்க யோசனை: "விளிம்பில் செம்புக் கோடு தெரிந்தால் வெள்ளி இல்லை." அது அவர்கள் காசுக்குச் சரி. அங்கே 1964 வரை டைம், குவார்ட்டர் காசுகள் 90% வெள்ளி. 1965லிருந்து நடுவில் செம்பு, இரண்டு பக்கமும் செம்பு-நிக்கல் தகடு. நம்ம ஜார்ஜ் மன்னர் ரூபாயில் அப்படி அடுக்கே கிடையாது. மேலும் கீழும் உள்ளேயும் ஒரே கலவைதான். அதனால கோட்டைத் தேடிப் பிரயோஜனம் இல்லை. வேறு வழி பார்க்கணும்.

முதலில் வருஷம். ஒரு ரூபாய்க் காசுக்குக் கணக்கு இதுதான்:

- 1835 முதல் 1939 வரை: 91.7% வெள்ளி
- 1940 முதல் 1945 வரை: 50% வெள்ளி, மீதி செம்பு, நிக்கல், துத்தநாகம்
- 1947: முழு நிக்கல், பின்பக்கம் புலி

முதல் இரண்டு வகையும் எடை ஒன்றுதான், 11.66 கிராம். ஆனால் ஒன்றில் சுமார் 10.7 கிராம் வெள்ளி, மற்றதில் 5.83 கிராம்தான். எல்லாத்தையும் ஒரே குவியலாகத் தராசில் போட்டு விற்றால் யாருக்கு நஷ்டம் என்று சொல்ல வேண்டியதில்லை. கடைக்குப் போகும் முன்பே வீட்டில் பிரித்துவிடுங்கள்.

அடுத்து காந்தம். புலி ரூபாய் சட்டென்று ஒட்டும். ஒட்டினால் வெள்ளி இல்லை, அது உறுதி. ஒட்டாவிட்டால் வெள்ளி என்று மட்டும் முடிவு கட்டிடாதீங்க. 1919ஐ ஒட்டி வந்த ஐந்தாம் ஜார்ஜ் எட்டணா, நாலணாக்களில் செம்பு-நிக்கல் காசுகள் உண்டு. ராஜா தலை இருக்கும், காந்தமும் ஒட்டாது, வெள்ளியும் இருக்காது.

விளிம்பு. 50% ரூபாய்களில் பெரும்பாலும் விளிம்புப் பற்களுக்கு நடுவே ஒரு பள்ளம் சுற்றி ஓடும். பழைய ரூபாயில் வெறும் பற்கள்தான்.

கடைசியாகத் தண்ணீர். போலியோ என்று சந்தேகம் வந்தால் இதுதான் கை கொடுக்கும். 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு போதும். காசை எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தண்ணீர்க் கோப்பையைத் தராசில் வைத்து, அளவை பூஜ்யமாக்குங்கள். காசை நூலில் கட்டி, முழுக்க மூழ்கும்படி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தொங்கவிடுங்கள். அப்போது தராசு காட்டும் எண்ணால் காசின் எடையை வகுத்தால் அடர்த்தி வரும். 91.7% வெள்ளிக்குச் சுமார் 10.3, 50% வெள்ளிக்குச் சுமார் 9.5, நிக்கலுக்கு 8.9. விக்டோரியா ரூபாய் ஒன்று 8.6 காட்டினால், ராணியம்மா முகம் எவ்வளவு அழகாக இருந்தாலும் நம்பாதீங்க. தேய்ந்த காசில் எடை குறையும், அடர்த்தி மாறாது. இந்த முறையின் பலமே அதுதான்.

சுதந்திரத்துக்குப் பின்னும் இதே குழப்பம் உண்டு. 1969 காந்தி நூற்றாண்டு 10 ரூபாய் 15 கிராம், 80% வெள்ளி. அதே காந்தி முகம் போட்ட ஒரு ரூபாய் வெறும் நிக்கல்.

ஒன்று மட்டும் வேண்டாம்: அரம் போட்டுச் சுரண்டுவது, புளி போட்டுத் தேய்ப்பது. சேகரிப்பாளர் பார்ப்பது வெள்ளியை மட்டும் இல்லை. 1939 ரூபாய் மாதிரி அரிய காசு ஒன்று கிடந்தால், அதன் விலை வெள்ளி விலையைவிடப் பல மடங்கு. ஒரு கீறல் அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும்.