குளவி கொட்டினால் சுண்ணாம்பு போதுமா?

கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் குளவிக் கொட்டுக்கு இலக்கானார்கள் என்ற செய்தி ஹற்றன், பொகவந்தலாவை, மஸ்கெலியா, லிந்துலை என்று ஊர் மாறி ஊர் வந்துகொண்டேயிருக்கிறது. பத்துப் பேர் வைத்தியசாலையில் என்று படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். வீடு திரும்பாதவர்களும் உண்டு.

மலையகத்தில் கொட்டுவதையெல்லாம் குளவி என்றே சொல்லிவிடுகிறோம். சவுக்கு மரக்கிளையிலும் பாறை விளிம்பிலும் ஒரே பெரிய அடையாகத் தொங்குவது மலைத்தேனீ. சிங்களத்தில் 'பம்பரா' என்பார்கள். இதன் முள் நமது தோலிலேயே தங்கிவிடும். தாள் போன்ற கூட்டில் வாழும் அசல் குளவியோ ஒன்றே பலமுறை கொட்டும். வீட்டுச் சுவரில் மண்கூடு கட்டும் குளவி வேறு. அது கட்டினால் வீட்டில் குழந்தை பிறக்கும் என்பார்கள் பாட்டிமார். பிறக்கிறதோ இல்லையோ, அது கூட்டமாக வந்து தாக்காது. விட்டுவிடலாம்.

பருந்து அடையைக் கொத்தினாலோ, காற்றில் கிளை முறிந்தாலோ, சிறுவர் கல்லெறிந்தாலோ மலைத்தேனீக் கூட்டம் கலைந்து பாயும். ஒன்று கொட்டிய இடத்தில் வாழைப்பழம் போன்ற ஒரு வாசனை பரவி மற்றவற்றையும் அழைக்கும். அடித்து நசுக்கினாலும் அப்படித்தான். ஆகவே கையை வீசாமல், முகத்தை மூடிக்கொண்டு, கட்டடம் இருக்கும் பக்கம் ஓடுங்கள். கூடையைக் கழற்றி எறியுங்கள். கொழுந்து போனால் போகட்டும். இதைக் கங்காணிமாரும் சொல்ல வேண்டும். கிலோக் கணக்கை நினைத்துத் தயங்கி நிற்கிறவர்கள் நமது பெண்கள்.

முள் இருந்தால் உடனே எடுங்கள். நகத்தால் கிள்ளாதே, சுரண்டித்தான் எடுக்க வேண்டும் என்று முன்பு சொல்வார்கள். எப்படி எடுப்பது என்பதல்ல, எவ்வளவு சீக்கிரம் என்பதே முக்கியம் என்று 1996இல் 'லான்செட்' மருத்துவ ஏட்டில் வெளியான ஆய்வு காட்டியது. சோப்புப் போட்டுக் கழுவி, ஈரத்துணி வையுங்கள். நுவரெலியாக் குழாய்த் தண்ணீர் இருக்கும்போது பனிக்கட்டி எதற்கு? வீங்குமுன் மோதிரத்தையும் வளையலையும் கழற்றிவிடுங்கள்.

சுண்ணாம்பும் வெங்காயமும் தடவிக்கொண்டு லயத்தில் படுத்திருப்பதுதான் ஆபத்து. மூச்சுத் திணறல், உதடு அல்லது நாக்கு வீக்கம், உடலெங்கும் தடிப்பு, வாந்தி, மயக்கம் - இவற்றில் ஒன்று கண்டாலும் அது ஒவ்வாமை அதிர்ச்சியாக இருக்கலாம். ஒரே ஒரு கொட்டும் இதற்குப் போதும். தொடையில் போடும் அட்ரினலின் ஊசியே உயிரைக் காக்கும். பிரிட்டன் மாத்திரை அரிப்பைத் தணிக்கும், அவ்வளவுதான். மயக்கம் வருபவரை நடக்க வைக்காதீர்கள். காலை உயர்த்திப் படுக்க வையுங்கள். மூச்சு முட்டினால் மட்டும் சாய்ந்து உட்காரட்டும். பல கொட்டுகள் பட்டவர் நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும் வைத்தியரிடம் போகவே வேண்டும். விஷம் சிறுநீரகத்தையும் இதயத்தையும் தாக்கும்.

டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலைக்கு 2017இல் புதிய கட்டடம் வந்துவிட்டது. மேல்பிரிவிலிருந்து அங்கே போய்ச் சேர்வதுதான் பாடு. 1990 என்ற இலக்கத்தில் 'சுவசெரிய' அம்புலன்ஸை அழையுங்கள். அது வரத் தாமதமானால் தோட்ட லொறியிலாவது ஏற்றுங்கள். கூடு தெரிந்த மலைக்கு ஆள் அனுப்புமுன், பழகியவர்களைக் கொண்டு அதை அகற்ற வேண்டியது தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. பந்தம் கொளுத்திக்கொண்டு நீங்கள் போகாதீர்கள்.

சகோதரிகளே, அன்றிரவு வாட்டில் தங்கச் சொன்னால், பிள்ளைகள் தனியே இருக்கிறார்கள் என்று எழுந்து வந்துவிடாதீர்கள். தணிந்த ஒவ்வாமை சில மணி நேரம் கழித்துத் திரும்பவும் வரக்கூடும்.