முப்பது மாத முகவரி: சிங்கப்பூரில் தொடக்கநிலை 1 பதிவு

தொடக்கநிலை 1 பதிவு ஜூலையில் தொடங்கவிருக்கும் வேளையில், பிள்ளைகளுடன் வீடு மாற எண்ணும் பெற்றோரின் கடிதங்களில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப எழுகிறது: விரும்பிய பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் குடிபுகுந்தால் இடம் உறுதியா? உறுதியில்லை. விண்ணப்பங்கள் இடங்களை மிஞ்சும்போது யாரை முதலில் எடுப்பது என்று தீர்மானிக்கும் வரிசையே தொலைவு. பள்ளியோடு முன்தொடர்பு இல்லாத குடும்பத்தைப் பொறுத்தவரை, அவ்வரிசையும் 2சி கட்டத்தில்தான் தொடங்குகிறது.

அதற்குள் மூன்று கூட்டத்தார் இடம்பெற்றுவிடுகின்றனர். உடன்பிறந்தோர் அதே பள்ளியில் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் முதற்கட்டத்திலும், பெற்றோரோ உடன்பிறந்தோரோ முன்னாள் மாணவராக இருக்கும் பிள்ளைகள் 2ஏ கட்டத்திலும், தொண்டூழியம் புரிந்த பெற்றோர், பள்ளியோடு இணைந்த தேவாலயம் அல்லது குலமரபுச் சங்கத்தைச் சேர்ந்தோர் ஆகியோரின் பிள்ளைகள் 2பி கட்டத்திலும் பதிவு செய்கின்றனர். 2022ஆம் ஆண்டுப் பதிவிலிருந்து ஒவ்வொரு பள்ளியிலும் 2பிக்கு 20 இடங்களும் 2சிக்கு 40 இடங்களும் ஒதுக்கப்பட்டுள்ளமை வரவேற்கத்தக்கதே எனினும், புகழ்பெற்ற பள்ளியில் நாற்பது என்பது மிகச் சிறிய எண்.

தொலைவு, பள்ளி வளாகத்தின் எல்லையிலிருந்து வீட்டுக் கட்டடம் வரை நேர்கோட்டில் அளக்கப்படுகிறது. பிள்ளை நடந்துசெல்லும் பாதைக்கு அக்கணக்கில் இடமில்லை. ஆகவே ஒரே பேட்டையில் அடுத்தடுத்து நிற்கும் இரு புளோக்குகளில் ஒன்று கோட்டுக்குள்ளும் மற்றொன்று வெளியிலும் அமையக்கூடும். ஒரு கிலோமீட்டருக்குள், ஒன்றுமுதல் இரண்டு வரை, இரண்டுக்கு அப்பால் என்னும் மூன்று வட்டங்களில் எந்த வட்டத்தில் இடம் போதாமல் போகிறதோ, அங்கே குலுக்கல் நடைபெறும்.

தவறான முகவரி கொடுப்பதைத் தடுக்க, தொலைவின் அடிப்படையில் முன்னுரிமை பெற்ற குடும்பம் அந்த முகவரியில் குறைந்தது 30 மாதங்கள் வாழவேண்டும் என்று கல்வி அமைச்சு விதித்துள்ளது. பொய் முகவரிக்கு எதிராக இவ்விதி பயனுள்ளதே. ஆனால் முப்பத்தோராம் மாதம் அக்குடும்பம் தீவின் மறுகோடிக்குக் குடிபெயர்ந்தாலும் மூத்த பிள்ளையின் இடம் நீடிக்கிறது. அப்பிள்ளை அங்கே படிக்கும்வரை தம்பி தங்கைகளுக்கு முதற்கட்டத்தில் இடம் உறுதி. பின்னாளில் அப்பிள்ளைக்குப் பிறக்கும் பிள்ளைகள் 2ஏ கட்டத்தில் விண்ணப்பிக்கும் தகுதி பெறுகின்றனர். இரண்டரை ஆண்டு வாடகையோ விலை கூடிய ஒரு வீடோ அடுத்த தலைமுறைக்கும் சேர்த்து முன்னுரிமை வாங்கித் தருகிறது என்பதும், அதைக் கொடுக்க இயலாத குடும்பம் ஒவ்வொரு தலைமுறையிலும் 2சியில் புதிதாக நிற்கவேண்டியிருக்கிறது என்பதும் கவலைக்குரியவை. ஒவ்வொரு பள்ளியும் நல்ல பள்ளியே என்னும் அமைச்சின் முழக்கம், சில பள்ளிகளில் மட்டும் ஆண்டுதோறும் குலுக்கல் நடக்கும்வரை, நிறைவேறாத குறிக்கோளாகவே கொள்ளப்பட வேண்டும்.

தமிழ்க் குடும்பங்கள் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் மற்றொன்றையும் பார்த்தாக வேண்டும். தாவ் நான், நன்யாங் போன்ற சிறப்பு உதவித் திட்டப் பள்ளிகளில் தாய்மொழிப் பாடம் சீனம் மட்டுமே என்பதால், பிள்ளை தமிழ் படிக்கவேண்டும் என்று விரும்பும் பெற்றோருக்கு அப்பள்ளிகளின் அருகாமையால் பயனில்லை.

எஞ்சிய கேள்விகளுக்கான விடைகள் சுருக்கமானவை.

கட்டி முடிக்கப்படாத வீட்டின் முகவரி செல்லுமா? வாங்கியதற்கான ஆவணங்களுடன், நிபந்தனைகளுக்கு உட்பட்டுச் செல்லும்.

நிரந்தரவாசியின் பிள்ளை ஒரு கிலோமீட்டருக்குள் இருந்தால்? 2சி கட்டத்தில் இரண்டு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள குடிமக்களின் பிள்ளைகளுக்கும் பின்னரே.

வெளிநாட்டினரின் பிள்ளைகள்? இறுதியான மூன்றாம் கட்டத்தில். இடத்துக்கு உறுதி கிடையாது.

2சியில் இடம் கிடைக்காவிட்டால்? துணைக் கட்டத்தில், இடம் எஞ்சியுள்ள பள்ளிகளில் விண்ணப்பிக்கலாம்.

30 மாதங்களுக்கு முன்பே வீடு மாறினால்? பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றும் அதிகாரம் அமைச்சுக்கு உண்டு.