கிராப்பிளா, ஃபோர்க்கா: சிறு டிராக்டருக்கு முதலில் எது?

முன்னால் லோடர் பொருத்திய சிறு டிராக்டரை வாங்கும்போது கூடவே ஒரு பக்கெட்டும் வந்துவிடும். மண், ஜல்லி, எரு ஆகியவற்றை அள்ளிக் கொட்ட அது போதும். அடுத்து வாங்க வேண்டியது எது என்ற கேள்வியில் இரண்டு கருவிகள் போட்டியிடுகின்றன. ஒன்று, சரக்கு அடுக்கும் மரத்தட்டான பேலட்டைத் தூக்கும் பேலட் ஃபோர்க். கிடங்குகளில் ஓடும் ஃபோர்க்லிஃப்டில் இருப்பவை போன்ற இரண்டு நீண்ட இரும்புக் கரங்களும், அவற்றைத் தாங்கும் ஒரு சட்டமும் மட்டுமே அதில் உண்டு. மற்றொன்று கிராப்பிள். கீழே வளைந்த பற்களின் வரிசை, மேலே ஹைட்ராலிக் விசையால் திறந்து மூடும் தாடை என்று அமைந்த கவ்வி இது. இரண்டுமே லோடரின் முனையில் பக்கெட் இருந்த இடத்தில் பொருந்துபவை.

இந்தக் கேள்வி அதிகம் எழுவது அமெரிக்காவிலும் கனடாவிலும்தான். அங்கே ஊருக்கு வெளியே சில ஏக்கர் நிலத்தில் வீடு கட்டி, கொஞ்சம் காடு, கொஞ்சம் புல்வெளி, இரண்டு மூன்று குதிரைகள் என்று வாழ்பவர்கள் ஏராளம். கூலி ஆள் கிடைப்பதும் அரிது, கிடைத்தாலும் செலவு அதிகம். அதனால் தூக்குவது, சுமப்பது, ஒதுக்குவது எல்லாவற்றையும் ஒரே ஆள் ஒரே டிராக்டரை வைத்துச் செய்கிறார். தமிழ்நாட்டில் டிராக்டர் என்றால் உழவுக்கும் டிரெய்லர் இழுக்கவும்தான். தூக்கும் வேலைக்கு ஜேசிபியை மணிக்கணக்கில் வாடகைக்கு அழைப்பதே வழக்கம். அமெரிக்கச் சிறு நிலக்காரருக்கு அவருடைய டிராக்டரே ஜேசிபி.

ஏறத்தாழ 20 முதல் 50 குதிரைத்திறன் வரை உள்ள இந்த வண்டிகள் அமெரிக்காவில் பரவியதற்குக் காரணம் ஜப்பான். சிறிய நெல்வயல்களுக்காக உருவான டிராக்டர்களில் ஒன்றான 21 குதிரைத்திறன் எல்200-ஐ குபோட்டா நிறுவனம் 1969-ல் அங்கே விற்கத் தொடங்கியது. பெரிய பண்ணைக்காரர்கள் பொருட்படுத்தாத அந்த அளவு, சிறு நிலக்காரர்களுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. மஹிந்திராவும் 1994-ல் டெக்சாஸ் மாநிலத்தில் தன் அமெரிக்க நிறுவனத்தைத் தொடங்கி இதே சந்தையில் இறங்கியது.

கருவிகளை மாற்றி மாற்றிப் பொருத்தும் வசதி வந்தது வேறொரு வழியில். மின்னசோட்டா மாநிலத்தின் ராத்சே என்ற சிற்றூரில் சிரில் கெல்லர், லூயிஸ் கெல்லர் என்ற சகோதரர்கள், வான்கோழிப் பண்ணையின் கொட்டகைக்குள் திரும்பக்கூடிய சிறிய லோடர் ஒன்றை 1957-ல் செய்து கொடுத்தார்கள். அதுவே பிற்பாடு பாப்கேட் என்று பெயர் பெற்ற, ஸ்கிட் ஸ்டீர் எனும் லோடர் வண்டியின் மூலம். அந்த வண்டிக்காக 1970-ல் வந்த விரைவு இணைப்புத் தகடு காலப்போக்கில் பல நிறுவனங்களுக்கும் பொதுவானதாகி, சிறு டிராக்டர்களின் லோடருக்கும் வந்து சேர்ந்தது. இரண்டு நெம்புகோலைத் திருப்பினால் பக்கெட் கழன்றுவிடும். இன்னொன்றை மாட்ட ஓரிரு நிமிடம் போதும். ‘எது முதலில்’ என்று நிதானமாக யோசிக்க இடம் கிடைத்ததே இந்த ஏற்பாட்டால்தான்.

தேர்வைத் தீர்மானிக்க வேண்டிய முதல் விஷயம் எடை. லோடர் எவ்வளவு தூக்கும் என்று விற்பனைத் தாளில் அச்சிடும் எண், பெரும்பாலும் கரங்களின் முனையில் உள்ள இணைப்பு ஊசிகளில் அளந்தது. சுமையோ ஒருபோதும் அந்த ஊசியில் தொங்குவதில்லை. அதற்கு முன்னால் தள்ளித்தான் இருக்கிறது. இடுப்பில் எளிதாக வைத்துச் செல்லும் குடத்தைக் கையை நீட்டிப் பிடிக்கச் சொன்னால் என்ன ஆகுமோ, அதுதான் லோடருக்கும் நேர்கிறது. இதனாலேயே சில நிறுவனங்கள் ஊசிக்கு 500 மில்லிமீட்டர் முன்னால் எவ்வளவு தூக்கும் என்று இரண்டாவது எண் ஒன்றையும் தருகின்றன. வாங்குபவர் பார்க்க வேண்டியது அதைத்தான். பொருத்தும் கருவியின் எடையும் அந்த எண்ணிலிருந்து கழிந்துவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஊசியில் 500 கிலோ தூக்கும் லோடர் ஒன்று. அதில் 110 கிலோ எடையுள்ள ஃபோர்க்கை மாட்டி, சுமையின் நடுப்பகுதி 60 சென்டிமீட்டர் முன்னால் இருக்கும்படி ஒரு பேலட்டை ஏற்றினால், உண்மையில் தூக்கக்கூடியது 300 கிலோவை ஒட்டி நின்றுவிடும். அதே லோடரில் 180 கிலோ கிராப்பிளை மாட்டினால் மிஞ்சுவது சுமார் 250 கிலோ. கிராப்பிள் சுமையைத் தன்னோடு நெருக்கிப் பிடிப்பதால் இழப்பு கொஞ்சம் குறைகிறது. ஆனாலும் அதன் சொந்த எடை சிறு டிராக்டருக்குப் பெரிய பாரம். பெரிய ஸ்கிட் ஸ்டீருக்காகச் செய்த கனமான கிராப்பிளை, தகடு பொருந்துகிறது என்பதற்காக 25 குதிரைத்திறன் டிராக்டரில் மாட்டுபவர், தன் லோடரின் திறனில் பாதியை இரும்பைச் சுமப்பதற்கே செலவிடுகிறார். இந்த வகை வண்டிக்கு மெலிந்த தகட்டில், 48 அங்குல அளவில் செய்த கிராப்பிளே பொருத்தம்.

ஃபோர்க்கின் வேலை அதன் பெயரிலேயே இருக்கிறது. அமெரிக்காவில் தீவனம், விதை, ஓடு, செங்கல், வேலிக் கம்பம் எல்லாமே 48-க்கு 40 அங்குல மரப் பேலட்டில் வருகின்றன. பேலட் ஒன்று முழுச் சரக்கோடு எவ்வளவு எடை என்பதை அறிந்துகொண்டால் பல கனவுகள் கலையும். குளிர்கால அடுப்புக்கான மரத்தூள் குச்சிகள் 40 பவுண்டு மூட்டைகளாக, ஒரு பேலட்டில் 50 மூட்டை வரும். மொத்தம் 2,000 பவுண்டு, அதாவது 900 கிலோவுக்கு மேல். இதைச் சிறிய டிராக்டரால் தரையிலிருந்து அசைக்கக்கூட முடியாது. லாரியிலிருந்து முழுப் பேலட்டை இறக்குவதுதான் நோக்கம் என்றால், கருவியைவிட டிராக்டரின் அளவே முதல் கேள்வி. பாதி மூட்டைகளைக் கையால் இறக்கிவிட்டு மீதியை ஃபோர்க்கில் எடுப்பவர்கள் நிறைய இருக்கிறார்கள், அதுவும் லாபம்தான்.

பேலட்டோடு ஃபோர்க்கின் பயன் முடிந்துவிடுவதில்லை. பழைய பேலட்டின் மேல் பலகை அடித்து விறகு வைக்கும் தொட்டியாக்கலாம். டிராக்டரின் பின்னால் மாட்டும் கருவிகளைப் பேலட்டில் வைத்துவிட்டால் கொட்டகைக்குள் எடுத்து அடுக்கலாம். வெட்டிய கிளைகளைக் குவித்து அடியில் கரங்களைச் செலுத்தினால் பெரிய குவியல் ஒன்றாகவே எழும்பி வரும். கரங்களை அகலமாக விரித்து மரத்தண்டுகளை ஏந்தலாம். கிராப்பிளின் வேலையில் கணிசமான பங்கை ஃபோர்க் இப்படி ஒப்பேற்றிவிடும். ஃபோர்க்கின் வேலையைக் கிராப்பிள் ஒருபோதும் செய்யாது. அடுக்கிய செங்கல் பேலட்டின் அடியில் நுழைய அதற்கு வழியே இல்லை.

இருந்தும் கிராப்பிள் வாங்கியவர்கள் அதைப் பிரிய மறுப்பதற்கு வலுவான காரணம் உண்டு. ஏந்தி நிற்பது ஃபோர்க். கவ்விப் பிடிப்பது கிராப்பிள். ஏந்திய கிளைக்குவியல் மேடு பள்ளத்தில் சரியும். சரிந்தால் ஓட்டுநர் எஞ்சினைத் தணித்து, பிரேக் போட்டு, இறங்கி, எடுத்து வைத்து, மறுபடி ஏற வேண்டும். ஒரு நாளில் இது எத்தனையோ முறை நடக்கும். தனியாக வேலை செய்யும் அறுபது வயதுக்காரருக்கு அந்த ஏற்ற இறக்கமே வேலையைவிடக் களைப்பு. கிராப்பிளில் இருக்கையை விட்டு நகராமலே கிளையைப் பற்றி, இழுத்து, சிக்கலைப் பிரித்து, எரிக்கும் குவியலில் கொண்டுபோய்ப் போடலாம். முட்புதர்களைக் கையால் தொடவே வேண்டாம். நிலத்தில் கிடக்கும் பாறைகளைப் பற்களால் கிளறி எடுக்கும்போது மண் இடுக்குகள் வழியே உதிர்ந்து, கல் மட்டும் மேலே நிற்கும். வெட்டிய மரத்தின் வேர்க்கட்டையைப் பிடித்து உலுக்கி மண்ணை உதறவும் முடியும்.

மரம் அகற்றும் வேலை அங்கே குறைவும் இல்லை. 2002-ல் டெட்ராய்ட் அருகே கண்டறியப்பட்ட மரகத ஆஷ் துளைப்பான் என்ற ஆசிய வண்டு, அதன் பின் பல மாநிலங்களில் பரவிக் கோடிக்கணக்கான ஆஷ் மரங்களைக் கொன்றிருக்கிறது. பட்டுப்போன ஆஷ் எளிதில் நொறுங்கி விழும் மரம். பனிப்புயலும் சூறாவளியும் வீழ்த்துபவை தனி. இப்படிப்பட்ட தோப்பு ஒன்றைச் சொந்தமாக வைத்திருப்பவருக்குக் கிராப்பிள் ஆடம்பரமே அல்ல. ஆனால் மரத்தின் எடையைக் கண்ணால் மதிப்பிட்டு ஏமாறக் கூடாது. ஈரம் காயாத ஓக் மரம் கிட்டத்தட்ட தண்ணீரின் அடர்த்தி கொண்டது. 40 சென்டிமீட்டர் விட்டமும் 3 மீட்டர் நீளமும் உள்ள ஒரு துண்டே சுமார் 380 கிலோ. மேலே கணக்குப் போட்ட லோடருக்கு அது இயலாத சுமை. இரண்டாக அறுத்தால்தான் வேலை நடக்கும்.

செலவிலும் இரண்டுக்கும் பெரிய இடைவெளி. ஃபோர்க் வெறும் இரும்பு. மாட்டினால் வேலை முடிந்தது. கிராப்பிளின் தாடையை இயக்க எண்ணெய் அழுத்தம் வேண்டும். சிறு டிராக்டரின் லோடருக்கு வழக்கமாக இருப்பவை இரண்டு இயக்கங்களே: கரத்தை ஏற்றி இறக்குவது, பக்கெட்டைச் சாய்த்து நிமிர்த்துவது. மூன்றாவது இயக்கத்துக்குத் தனி வால்வும், லோடரின் கரம் வழியே முனைவரை செல்லும் குழாய்களும் சேர்க்க வேண்டும். இதில் மலிவான வழி, சாய்ப்பதற்கான எண்ணெயைப் பொத்தானை அழுத்தும்போது தாடைக்குத் திருப்பிவிடும் வால்வு. அதில் சாய்ப்பதும் கவ்வுவதும் ஒரே நேரத்தில் நடக்காது. தனி வால்வு வைத்தால் இரண்டும் சேர்ந்தே நடக்கும். விலையும் அதற்கேற்ப ஏறும். கிராப்பிளும் குழாய் வேலையும் சேர்ந்தால் ஃபோர்க்கின் விலையைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆவது சாதாரணம். டிராக்டரைப் புதிதாக வாங்கும்போதே மூன்றாவது இணைப்பையும் சேர்த்துக்கொள்வது நல்லது. கிராப்பிள் பிறகு வரட்டும். குழாய் தயாராக இருக்கும்.

இதனால்தான் பெரும்பாலான சிறு நிலங்களுக்கு ஃபோர்க் முதலில் வருவதே சரி. விலை குறைவு, லோடரின் திறனைக் குறைவாகத் தின்கிறது, பழுதாக அதில் எதுவும் இல்லை. மரமும் புதரும் கல்லும் ஆண்டு முழுக்கத் தொல்லை தரும் நிலத்துக்கு மட்டும் வரிசை மாறும். அங்கே ஃபோர்க்கை வாங்கிச் சமாளிப்பவர் கடைசியில் கிராப்பிளையும் வாங்கத்தான் போகிறார். இடைவழியாக, ஃபோர்க் சட்டத்தின் மேலேயே பொருத்தும் ஒற்றைத் தாடையும் கிடைக்கிறது. மரத்தண்டுகளை நழுவாமல் பிடிக்க அது நல்லது; சிறு கிளைகளும் கற்களும் இரண்டு கரங்களுக்கு நடுவே விழுந்துவிடும். பக்கெட்டின் விளிம்பில் திருகி மாட்டும் மலிவான கரங்களையோ தவிர்ப்பதே நல்லது. பக்கெட்டின் எடை அப்படியே இருக்க, சுமையும் இன்னும் முன்னே தள்ளிப்போகிறது, விளிம்பும் வளைந்துபோகும்.

எதை மாட்டினாலும் பின்பக்க எடை இல்லாமல் வேலையைத் தொடங்கக் கூடாது. முன்னால் சுமை ஏறினால் பின்சக்கரங்கள் தரைப்பிடிப்பை இழக்கும். பல சிறு டிராக்டர்களில் பிரேக் இருப்பதும் பின்சக்கரத்தில்தான். சரிவில் இது உயிருக்கே ஆபத்து. பின்புற மூன்று முனை இணைப்பில் கான்கிரீட் நிரப்பிய பெட்டியையோ கனமான கருவியையோ தொங்கவிடுகிறார்கள். பின் டயருக்குள் கால்சியம் குளோரைடு கரைசலையோ, எளிதில் உறையாத சுகர் பீட் கிழங்கின் சாறையோ நிரப்புவதும் உண்டு. சுமையைத் தரையிலிருந்து சிறிதே உயர்த்தி எடுத்துச் செல்ல வேண்டும். தலைக்கு மேலுள்ள பாதுகாப்புச் சட்டம் நிமிர்ந்திருக்க, இருக்கைப் பட்டையும் மாட்டியிருக்க வேண்டும். கிளைகளுக்கு அடியில் நுழைய அந்தச் சட்டத்தை மடித்துவிட்டு, அப்படியே மறந்துபோகும் பழக்கம் தோப்பு வேலையில் அதிகம்.

உருளை வைக்கோல் கட்டுக்குத் தனி எச்சரிக்கை தேவை. 5 அடி விட்டமும் 5 அடி அகலமும் கொண்ட கட்டு 400 கிலோவைத் தாண்டும். அதை ஃபோர்க்கில் வெறுமனே ஏந்தி உயர்த்தினால், கரம் பின்னோக்கிச் சாயும் கணத்தில் கட்டு உருண்டு லோடர் கரங்களின் வழியே ஓட்டுநர் மேல் வந்து விழக்கூடும். இந்த விதத்தில் உயிரிழப்புகள் நேர்ந்திருக்கின்றன. அதற்கென்று உள்ள ஈட்டியைக் கட்டுக்குள் குத்தித் தூக்குவதே முறை. டிராக்டரின் திறன் போதுமானால் ஈட்டியைப் பின்புற இணைப்பில் மாட்டுவது இன்னும் பத்திரம்.

கடைக்குப் போகுமுன் லோடரின் முனையில் உள்ள தகடு எந்த வகை என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஜான் டியர் நிறுவனத்தின் சிறிய டிராக்டர்கள் பலவற்றில் அந்நிறுவனத்துக்கே உரிய கொக்கி இணைப்பு இருக்கிறது. ஸ்கிட் ஸ்டீர் தகட்டுக்கான கருவி அதில் நேரடியாகப் பொருந்தாது. இணைப்பை மாற்றும் தகடு கிடைக்கும் என்றாலும், அது தன் எடையையும் சேர்த்து, சுமையையும் இன்னும் சில அங்குலம் முன்னே தள்ளும். சில மிகச் சிறிய டிராக்டர்களில் பக்கெட் ஊசி போட்டே பொருத்தப்பட்டிருக்கும். அப்படிப்பட்ட வண்டிக்கு முதல் செலவு ஃபோர்க்கும் இல்லை, கிராப்பிளும் இல்லை. விரைவு இணைப்புத் தகடுதான்.