பால் கொடுப்பது தாய். துணை நிற்பது யார்?

தமிழ்நாட்டில் வீட்டுப் பிரசவம் ஏறக்குறைய மறைந்துவிட்டது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 99.6 விழுக்காடு குழந்தைகள் மருத்துவமனைகளில்தான் பிறக்கின்றன. ஆனால் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் குடித்தவை சுமார் 60 விழுக்காடுதான். முதல் ஆறு மாதத்தில் தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தைகளோ பாதிக்குச் சற்று மேல்.

மருத்துவமனை இருக்கிறது, டாக்டரும் நர்ஸும் இருக்கிறார்கள். பிறகு ஏன் இந்த இடைவெளி? பெரும்பாலான தாய்மார்களுக்குப் பால் சுரக்கும் திறனில் குறையில்லை. பிரசவ அறையிலும் வீட்டிலும் வேலையிடத்திலும் அவர்களுக்குக் கிடைக்கும் உதவியில்தான் குறை. அதனால் இந்தக் கட்டுரை தாய்க்கு மட்டுமல்ல, அவரைச் சுற்றி இருப்பவர்களுக்கும்தான்.

பிரசவ அறையில் ஒரு துணை

வலி எடுக்கும்போது தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருப்பது வெறும் ஆறுதல் மட்டுமல்ல. பிரசவம் முழுக்க ஒருவர் உடனிருந்தால் பிரசவ நேரம் குறைகிறது, சிசேரியன் தேவைப்படும் வாய்ப்பும் குறைகிறது என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டிருக்கிறார்கள். தான் விரும்பும் ஒருவரைத் தாய் உடன் வைத்துக்கொள்ளலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. தமிழக அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணைத் திட்டம் 2004-லேயே வந்துவிட்டது. அடுத்தடுத்த கட்டில்களில் மற்ற பெண்களும் இருப்பதால் பெரும்பாலும் அம்மா, அக்கா, அத்தை என்று பெண் உறவினரையே அனுமதிக்கிறார்கள்.

துணைக்குப் போகிறவர் செய்ய வேண்டியவை எளியவை. இடுப்பை நீவிவிடுங்கள். மருத்துவர் தடுக்காதவரை மெல்ல நடக்க வையுங்கள். வாய் உலராமல் தண்ணீர் கொடுங்கள். வலி வரும்போது மூச்சை நிதானமாக விடச் சொல்லிக் கூடவே நீங்களும் விடுங்கள். தலைப்பிரசவத்தில், கருப்பை வாய் 5 செ.மீ. திறந்த பிறகும் 12 மணி நேரம் வரை ஆகலாம். “இன்னுமா ஆகல?” என்ற கேள்வியையும், பக்கத்து வீட்டுப் பெண்ணின் கஷ்டப் பிரசவக் கதையையும் வாசலிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

முதல் ஒரு மணி நேரம்

பிறந்த குழந்தையைத் துடைத்து, தாயின் வெற்று மார்பின் மேல் படுக்க வைத்து, இருவரையும் சேர்த்துப் போர்த்திவிட்டால் குழந்தையின் உடல் சூடு நிலையாக இருக்கும். சிறிது நேரத்தில் அது தானாகவே காம்பைத் தேடத் தொடங்கும். அப்போது கிடைக்கும் சீம்பால் சில சொட்டுகள்தான். முதல் நாளில் ஒரு வேளைக்கு ஒன்றிரண்டு டீஸ்பூனுக்கு மேல் குழந்தையின் வயிறு கேட்பதில்லை. நோய் எதிர்ப்புப் பொருள்கள் செறிந்த இந்தப் பாலை மஞ்சளாக இருக்கிறதே என்று பீய்ச்சிக் கீழே விடக் கூடாது.

சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால், சேனை தொட்டு வைப்பது எல்லாம் இந்த நேரத்தைத்தான் திருடுகின்றன. தேன் இன்னும் ஆபத்து. அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி குழந்தையின் குடலில் வளர்ந்து நச்சை உண்டாக்கலாம் என்பதால் ஒரு வயது வரை தேன் கூடாது.

2019-21 கணக்கெடுப்பின்படி நம் மாநிலத்தில் நூற்றுக்கு 45 பிரசவங்கள் சிசேரியன். முதுகில் ஊசி போட்டுச் செய்யும் அறுவையில் தாய் விழித்தேதான் இருக்கிறார். ஒருவர் பிடித்துக்கொண்டால் அறுவை முடிந்ததுமே குழந்தை பால் குடிக்க முடியும். தையலில் பாரம் விழாமல், ஒருக்களித்துப் படுத்தபடி கொடுக்கலாம். “குழந்தையை எப்போது அம்மாவிடம் தருவீர்கள்?” என்று நர்ஸிடம் கேட்பது வெளியே காத்திருக்கும் உறவினரின் முதல் வேலை.

‘பால் பத்தல’ என்ற சந்தேகம்

மூன்றாம் நாள் இரவு குழந்தை விடாமல் அழும். “பால் பத்தல போலிருக்கு” என்று யாராவது சொல்வார்கள். காலையில் பவுடர் பால் டப்பா வந்துவிடும். குழந்தை புட்டியில் குடித்தால் மார்பில் பால் தேங்கும். தேங்கினால் சுரப்பு குறையும். சந்தேகமாக ஆரம்பித்தது ஒரு வாரத்தில் உண்மையாகவே ஆகிவிடும்.

பால் நன்கு இறங்க இரண்டு முதல் நான்கு நாள் ஆகும். அதற்குள் குழந்தையின் எடை ஏழு முதல் பத்து விழுக்காடு வரை குறைவது இயல்பு. இரண்டு வாரத்தில் பிறந்த எடையை எட்டிவிடும். பால் போதுமா என்பதை அழுகையை வைத்து முடிவு செய்யாமல், மூத்திரத்தை வைத்துப் பாருங்கள். ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளைக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் போனால், எடையும் ஏறினால், பால் போதும். நாளுக்கு 8 முதல் 12 முறை குடிப்பதும், சாயங்காலங்களில் விட்டு விட்டுக் கேட்பதும் வழக்கம்தான்.

குழந்தை வாயை அகலத் திறந்து, காம்பை மட்டுமல்லாமல் அதைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் பெரும்பகுதியையும் கவ்வ வேண்டும். மோவாய் மார்பில் பட்டிருக்க வேண்டும். காம்பு வெடித்து வலித்தால் பெரும்பாலும் கவ்வுவதில்தான் பிழை. நர்ஸை அருகில் அழைத்து ஒருமுறை பார்க்கச் சொன்னாலே பாதித் தொல்லை தீரும். ஆறு மாதம் வரை, சித்திரை வெயிலானாலும், குழந்தைக்குத் தண்ணீர் தேவையில்லை.

பத்தியம்: எது இருக்கட்டும், எது போகட்டும்

பூண்டுக் குழம்பும் பால் சுறாப் புட்டும் தாராளமாக இருக்கட்டும். புரதமும் ருசியும் கிடைக்கும். ஆனால் தண்ணீர் குடித்தால் வயிறு போடும், கீரை ஆகாது, பழம் குளிர்ச்சி என்று ஒவ்வொன்றாக விலக்கினால் தாய் பட்டினிதான் கிடப்பார். பாலூட்டும் பெண்ணுக்கு நாளொன்றுக்குக் கூடுதலாகச் சுமார் 600 கலோரி தேவை. தாகத்துக்கு வேண்டிய தண்ணீர், முட்டை, பருப்பு, கீரை, பழம் எல்லாமே சாப்பிடலாம். இரும்புச்சத்து மாத்திரையைப் பிரசவத்துக்குப் பின் 180 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். அதை எடுத்துக்கொடுக்கும் பொறுப்பை வீட்டில் ஒருவர் ஏற்கலாம்.

கணவருக்கும் வேலை உண்டு

பாலைக் காம்புக்குத் தள்ளுவது ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன். பயமும் பதற்றமும் வலியும் அதைத் தடுக்கும். ஆகவே தாயின் மனசு லேசாக இருக்கச் செய்வதும் பால் கொடுப்பதில் ஒரு பங்குதான். இரவில் குழந்தையைத் தூக்கி வந்து கொடுப்பது, குடித்தபின் தோளில் போட்டு ஏப்பம் விடவைப்பது, துணி மாற்றுவது, பார்க்க வரும் கூட்டத்தை அளவோடு நிறுத்துவது எல்லாம் கணவர் செய்யக் கூடியவை. மனைவி தாய்வீட்டில் இருந்தால் விடுமுறை நாட்களிலாவது போய் ஓர் இரவைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளலாம்.

பிரசவமான முதல் நாட்களில் காரணமின்றி அழுகை வருவது சகஜம். இரண்டு வாரம் தாண்டியும் தூக்கமின்மை, எதிலும் பிடிப்பின்மை, குழந்தை மேல் ஒட்டுதல் இல்லாமை நீடித்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். “பிள்ளை பெத்தவ அழலாமா?” என்று அதட்டுவது மருந்தாகாது. டெலி மனஸ் 14416 எண்ணில் இலவசமாகப் பேசலாம். தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடுவோமோ என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும்.

வேலைக்குத் திரும்பும்போது

2017-இல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பின் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் ஊதியத்துடன் மகப்பேறு விடுப்பு உண்டு. குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பாலூட்ட ஒரு நாளில் இரண்டு இடைவேளைகள் உண்டு. 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும். 2015-இல் தமிழகப் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. அவற்றைப் பூட்டிப் போடாமல், விளக்கும் மின்விசிறியும் ஓட வைத்திருப்பது அங்கே பொறுப்பில் இருப்பவர்களின் கையில்.

வேலைக்குப் போகுமுன் பாலைப் பீய்ச்சிச் சுத்தமான மூடியிட்ட பாத்திரத்தில் ஃப்ரிட்ஜில் வைத்தால் வீட்டிலிருப்பவர் பாலாடையில் புகட்டலாம். பாலைக் கொதிக்க வைக்க வேண்டாம். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து எடுத்தால் போதும்.

தள்ளிப்போடக் கூடாதவை

தாய்க்கு: ஒரு மணி நேரத்துக்குள் ஒரு நாப்கின் நனைந்துபோகும் அளவு ரத்தப்போக்கு, காய்ச்சல், துர்நாற்றமுள்ள போக்கு, கடும் தலைவலி, பார்வை மங்கல், வலிப்பு, மூச்சுத்திணறல், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும்.

குழந்தைக்கு: பால் குடிக்க மறுப்பது, எழுப்பியும் சோர்ந்து கிடப்பது, காய்ச்சல் அல்லது உடல் சில்லிடுதல், வேகமான மூச்சு, பிறந்த முதல் நாளிலேயே தெரியும் மஞ்சள் அல்லது உள்ளங்கை, உள்ளங்கால் வரை பரவும் மஞ்சள்.

மார்பு சிவந்து கட்டிக்கொண்டு காய்ச்சல் வந்தால் பால் கொடுப்பதை நிறுத்தாமல் மருத்துவரைப் பாருங்கள்.

மேலே தாய்க்கும் குழந்தைக்கும் பட்டியலிட்ட அறிகுறிகளில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். பிள்ளை பெற்ற களைப்பில் இருப்பவர் தன் உடம்பைத் தானே கவனித்துக்கொள்வார் என்று எதிர்பார்க்க முடியாது. அதனால் இந்தப் பட்டியலை வீட்டில் இன்னொருவராவது மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்.