குழந்தை தூங்கி எழுந்த பிறகு எடுங்கள் கிறிஸ்துமஸ் படத்தை

புகைப்படக்கலை 1839-இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டபோது ஒரு படம் பதியவே பல நிமிடங்கள் பிடித்தன. பின்னர் அது சில நொடிகளாகக் குறைந்தாலும் கைக்குழந்தைக்கு அந்தச் சில நொடிகளும் அதிகம்தான். ஆகவே விக்டோரியா காலத்து ஸ்டுடியோக்களில் தாயைத் துணியால் போர்த்தி மறைத்து, அவர் மடியில் குழந்தையை உட்காரவைத்துப் படம் எடுத்தார்கள். அப்படிப்பட்ட பழைய படங்கள் சிலவற்றில், துணிக்கடியிலிருந்து நீளும் ஒரு கை குழந்தையின் இடுப்பைப் பிடித்திருப்பதைப் பார்க்கலாம். அன்றைய கேமராவுக்குக் குழந்தை அசையாமல் இருந்தாக வேண்டும். இன்று கையில் இருக்கும் போனே, நல்ல வெளிச்சம் இருந்தால், ஒரு நொடியை ஐந்நூறாகப் பிரித்து அதில் ஒரு பங்கு நேரத்தில் படத்தைப் பிடித்துவிடும். கேமரா மாறிவிட்டது, "ஆடாதே, இங்கே பார், சிரி" என்ற அதட்டல் மட்டும் மாறவில்லை. கிறிஸ்துமஸ் குடும்பப் படத்துக்கான ஆயத்தம் முழுவதும் குழந்தையை அடக்குவதிலேயே போய்விடுகிறது. உண்மையில் கவனிக்க வேண்டியது எந்த நேரத்தில் எடுக்கிறோம் என்பதைத்தான்.

நம் ஊர் வழக்கத்தையே பாருங்கள். டிசம்பர் முழுக்க இரவில் கேரல் ரவுண்ட்ஸ். கத்தோலிக்கக் குடும்பம் என்றால் நள்ளிரவுத் திருப்பலி. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து சி.எஸ்.ஐ. சபைகளில் விடியுமுன்பே ஆராதனை. அது முடிந்து வந்ததும், புத்தாடை கசங்குவதற்குள் ஸ்டாருக்குக் கீழே எல்லோரையும் நிறுத்திவிடுகிறோம். ஒன்றிரண்டு வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 11 முதல் 14 மணி நேரமும், மூன்று நான்கு வயதில் 10 முதல் 13 மணி நேரமும் தூக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாதித் தூக்கத்தில் எழுப்பி, பசியோடு, கழுத்தில் ஜரிகை உறுத்தும் கவுனில் நிற்கவைத்த பிள்ளை அழுவதை அடம் என்று சொல்வது நியாயமே இல்லை. மதியம் தூங்கி எழுந்து, ஏதாவது சாப்பிட்ட பிறகு, நான்கரை மணி வாக்கில் வாசலில் விழும் சாய்ந்த வெயிலில் எடுங்கள். இதில் இன்னொரு லாபமும் உண்டு. சீரியல் லைட்டுகளில் பல, நம் மின்சாரத்தில் நொடிக்கு நூறு முறை மினுங்குபவை; ஓடும் பிள்ளையைப் பிடிக்கக் கேமராவை வேகமாக வைத்தால் படத்தில் கோடு கோடாக விழும். பகல் வெளிச்சத்தில் இந்தத் தொல்லையே கிடையாது.

பண்டிகைக்கு முன்பே எடுத்துவிடலாம் என்றால், புதுத்துணியை அன்றைக்குத்தானே உடுத்த வேண்டும் என்று பாட்டி கேட்பார். மதிக்க வேண்டிய வழக்கம்தான். அப்படியானால் 25-ஆம் தேதி மாலையிலேயே எடுக்கலாமே. எல்லோரும் வரிசையாக நின்று கேமராவைப் பார்க்கும் படம் ஒன்றாவது வேண்டாமா என்பது அடுத்த கேள்வி. கட்டாயம் வேண்டும், வெளியூரில் இருக்கும் உறவுகளுக்கு அனுப்ப அதுதான் படம். அதை முதல் ஐந்து நிமிடத்திலேயே எடுத்துவிட்டு, பிறகு குழந்தையைக் குடிலுக்குப் பக்கத்தில் விடுங்கள். வைக்கோலையும் ஆட்டுக்குட்டியையும் அது எடுத்து எடுத்து வைக்கும்போது வருவதுதான் அதன் சொந்தச் சிரிப்பு. வாயோரத் தசையை நாம் விரும்பியபடி இழுக்கலாம், கண்ணைச் சுற்றியுள்ள தசையோ உள்ளிருந்து வரும் மகிழ்ச்சிக்கே சுருங்கும் என்று பிரெஞ்சு மருத்துவர் துஷென் 1862-இலேயே எழுதினார். அதட்டி வாங்கிய சிரிப்பு படத்தில் ஏன் ஒட்டவில்லை என்பதற்கு இதுவே விளக்கம். கிறிஸ்துமஸ் தாத்தா வேடக்காரரின் மடியில் அலறும் பிள்ளையை வற்புறுத்திப் படம் எடுக்கவே வேண்டாம். முன்பின் தெரியாத முகத்துக்கு அஞ்சுவது அந்த வயதின் இயல்பு.

ஒருவர் கண்ணை மூடியிருந்தால், வேறொரு படத்தில் இருக்கும் அவர் முகத்தை எடுத்து ஒட்டும் வசதி இப்போது சில போன்களிலேயே வந்துவிட்டதே, பிறகெதற்கு இவ்வளவு மெனக்கெடல் என்றும் கேட்கலாம். முகத்தை மாற்றலாம்; அரை மணி நேரம் அழுத குழந்தைக்கு அந்தப் பண்டிகை மாலையைத் திருப்பித் தர எந்த போனாலும் முடியாது. ஒரு விஷயத்தில் மட்டும் தளர்வே கூடாது. மினுங்கும் பொம்மைகளிலும் சிறு விளக்குகளிலும் இருக்கும் பட்டன் பேட்டரியைக் குழந்தை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துபோகக்கூடும். படத்துக்காகக் கையில் எதைக் கொடுத்தாலும், அதன் பேட்டரி மூடி ஸ்குரூ போட்டு இறுக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.